செடிகள் வளர்க்கும் சிறு நன்னீர் மீன்தொட்டி

செடித்தொட்டி என்பது உயிருள்ள நீர்த்தாவரங்களை வேரூன்றி வளரவிட்டு, அவற்றோடு சில சிறு மீன்களையும் வளர்க்கும் நன்னீர்க் கண்ணாடித் தொட்டி ஆகும். பிளாஸ்டிக் செடியும் வண்ணக் கற்களும் இட்ட வழக்கமான மீன்தொட்டியில், நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பு வடிகட்டியையும் வளர்ப்பவரையும் சார்ந்தது. செடித்தொட்டியில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் செடிகளும் ஏற்றுக்கொள்கின்றன. இக்கட்டுரை 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை அடிப்படையாக வைத்து, நம் ஊர் வெப்பத்தில், கார்பன் டை ஆக்சைடு உருளை போன்ற விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் செடித்தொட்டி அமைக்கும் முறையை விளக்குகிறது.

புதிதாகத் தொட்டி வாங்குவோர் பெரும்பாலும் ஒரே மாலையில் தொட்டி, கல், தண்ணீர், மீன் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்குகிறது. ஒரு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. கடைக்காரர் நோயுள்ள மீனைத் தந்துவிட்டார் என்றும், நமக்கு மீன் வளர்க்கக் கைராசி இல்லை என்றும் சொல்லித் தொட்டியை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். உண்மையான காரணம் பெரும்பாலும் அம்மோனியா. தொட்டி அமைப்பதில் மீன் கடைசியாக வரவேண்டும். முதலில் செடி, அடுத்து பாக்டீரியா, பிறகுதான் மீன். இந்த வரிசையை மாற்றுவதால்தான் முதல் தொட்டிகள் பல தோற்றுப்போகின்றன.

சிறு வரலாறு

செடியையும் மீனையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் சமநிலையில் வைக்க முடியும் என்பதை முறையாகச் சோதித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். அவர் 1849இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்நீரியா என்ற நாடா இலைச் செடியையும் இட்டார். செடி ஆக்சிஜனைத் தந்தது. ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. பிறகு குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றதும் நீர் தெளிந்தது. இந்தச் சோதனையை 1850இல் வெளியிட்டார். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் 1853இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலின் வழியாக 'அக்குவாரியம்' என்ற சொல் பரவியது.

வாரிங்டன் காலத்தில் ஆக்சிஜன் கணக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களைச் செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தறிந்தது 1890 வாக்கில்தான். நம் காலத்தில், செடித்தொட்டியை ஒரு நிலக்காட்சி போல வடிவமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானின் தக்காஷி அமானோ (1954–2015). அதற்கு நேர் எதிராக, தோட்டத்து மண்ணும் மிதமான ஒளியும் போதும் என்று 1999இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட். இக்கட்டுரையில் சொல்லப்படும் முறை இரண்டாமவருடைய வழியை ஒட்டியது. செலவு குறைவு என்பது ஒரு காரணம். மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றாலும் தொட்டி தாங்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தண்ணீருக்குள் நடப்பது

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவும் அழுகிய இலையும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் அது பெரும் நீர்ப்பரப்பில் கரைந்து நீர்த்துப்போகும். 40 லிட்டர் தண்ணீரில் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு வினைபுரிந்து அதை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்யும். அப்போது இரத்தம் பழுப்பு நிறமாகும், மீன் நீர்மட்டத்தில் வாய்திறந்து திணறும். நைட்ரேட் மிகுதியானால் மட்டுமே தீங்கு. அளவோடு இருந்தால் செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத் தொட்டி 'பழகுதல்' என்று சொல்லலாம். செடிகளோ அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சக்கூடியவை. ஆகவே செடி அடர்ந்த தொட்டியில் இந்த ஆபத்துக்காலம் சுருங்குகிறது.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்போது நச்சு குறைவு. கரைந்த அம்மோனியா வாயுவாக இருக்கும்போது கொடிய நச்சு. எது எவ்வளவு என்பதை நீரின் கார அமிலத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். அளவு 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 100க்கு 1 பங்குகூட நச்சு வடிவில் இராது. அதே நீர் பி.எச். 8 என்றால் 100க்கு 7 அல்லது 8 பங்கு நச்சு வடிவில் இருக்கும். குளிர்நாட்டு நூல்களில் 'சிறிதளவு அம்மோனியா பொறுத்துக்கொள்ளலாம்' என்று படித்துவிட்டு, கடின நீரும் மே மாத வெயிலும் உள்ள ஊரில் அதைப் பின்பற்றினால் மீன் பிழைக்காது.

இடமும் தொட்டியும்

மேற்சொன்ன அளவுள்ள தொட்டி, மண், மணல், நீர், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 70 கிலோ எடை வரும். கடப்பாக்கல் பதித்த மேடை அல்லது உறுதியான இரும்புச் சட்டம் வேண்டும். பலகை அலமாரி ஈரத்தில் வளைந்து தொட்டியின் ஒட்டுப் பிரியும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அட்டை ஒன்று வைத்தால் மேடையின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியை அழுத்தா. நேர் வெயில் விழும் சன்னலருகே வைக்கக் கூடாது; பாசியும் சூடும் ஒருசேர வரும். மின்கம்பியை மின்செருகிக்கு நேராக இழுத்துக் கட்டாமல், செருகிக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், செருகிக்குள் போகாது.

இதைவிடச் சிறிய தொட்டி எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் ஐந்து லிட்டர் நீரில் மீன் வளர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நீர் குறையக் குறைய வெப்பமும் நச்சும் விரைவாக மாறும். பொன்மீன் குடுவைகளை விற்பதையே நிறுத்தினால் நல்லது என்பது என் கருத்து.

மண், மணல், நீர்

அடியில் இரண்டரை செ.மீ. உயரத்துக்குச் சலித்த தோட்டத்து மண் போதும். செம்மண் கலந்திருந்தால் இரும்புச்சத்து கிடைக்கும். யூரியா இட்ட மண், புதுச் சாணம், மட்காத இலை எதுவும் கூடாது. அவை நீரில் அம்மோனியாவாகக் கொட்டும். மண்ணை ஓரிரு முறை நீரில் கரைத்து, மிதக்கும் குச்சி, வேர்களை நீக்கிவிட்டுக் காயவைத்துப் பயன்படுத்தலாம். அதன்மேல் 2 அல்லது 3 மி.மீ. பருமனுள்ள பருமணல் மூன்று செ.மீ. உயரத்துக்கு. மிக நைசான மணல் இறுகிக் காற்றுப்புகாமல் போய், அடியில் அழுகல் முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும். மணலைக் கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அதில் சிப்பித்தூளோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறது என்று பொருள். அது நீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே போகும். கடற்கரை மணல் இந்தக் காரணத்தால் ஆகாது.

குடிநீர்க் குழாயில் வரும் நீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் அது வெளியேறிவிடும். வாளியை மெல்லிய துணியால் மூடி வைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. அவசரம் என்றால் மீன் கடைகளிலும் பழைய புகைப்படக் கடைகளிலும் 'ஹைப்போ' என்று சொல்லப்படும் சோடியம் தயோசல்பேட் பளிங்கு, 20 லிட்டர் வாளிக்கு உளுந்து அளவில் நான்கைந்து போட்டால் உடனே குளோரினை நீக்கும். சுத்திகரிப்பு இயந்திர நீரில் தாது உப்புகள் இல்லாததால் அதை மட்டும் ஊற்றுவது செடிக்கும் மீனுக்கும் ஏற்றதல்ல. கடின நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் நல்ல நீர் கிடைக்கும்.

மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக நீரூற்றினால் மண் கலங்காது. முதலில் கையளவு நீர் ஊற்றிச் செடிகளை நட்டுவிட்டுப் பிறகு நிரப்புவது எளிது.

எந்தச் செடிகள்?

பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் ஒளிச்சேர்க்கையைக் காட்ட, பீக்கரில் ஹைட்ரில்லாவை வைத்து, புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக்குழாயை நிறுத்தி வெயிலில் வைப்போம். குமிழிகள் ஏறும். சிட்டிகை சமையல் சோடா போட்டால் குமிழிகள் கூடும். அந்தச் செடியேதான் நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் கிடப்பது. தொட்டியில் தொடங்க அதைவிடக் கெட்டியான செடி இல்லை. சமையல் சோடா சோதனை இன்னொன்றையும் சொல்கிறது: ஹைட்ரில்லா, வாலிஸ்நீரியா ஆகிய இரண்டும் நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. ஆகவே கடின நீரில் மற்ற செடிகள் தயங்கும்போதும் இவை தழைக்கும்.

நினைவாற்றலுக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் நீர்ப்பிரம்மி, வயலோரச் சேற்றில் படர்ந்து கிடக்கும் அதே செடி, உலகெங்கும் மீன்தொட்டிச் செடியாக விற்கப்படுகிறது. தண்ணீருக்குள் நட்டால் நிமிர்ந்து வளரும், வளர்ச்சி மெதுவானது. கிழங்கு உண்ணப்படும் கொட்டி என்ற நீர்ச்செடியின் இனத்தைச் சேர்ந்த, சுருண்ட நீள் இலைகளையுடைய ஒரு வகை இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது. அதன் கிழங்கை மணலில் பாதி புதைத்தால் போதும். இலங்கையின் நிழல் அடர்ந்த ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் கிரிப்டோகொரைன் வெண்ட்டி, குறைந்த ஒளியில் வளரும் செடிகளில் முதலிடம் பெறத்தக்கது. நட்ட இரண்டாம் வாரம் அதன் இலைகள் கூழாகிக் கரைந்துபோகலாம். பலர் இதைக் கண்டு செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். வேரை விட்டுவைத்தால் சில வாரங்களில் புதிய இலை வரும்; பண்ணையில் நீருக்கு மேலே வளர்ந்த இலை உதிர்ந்து, நீருக்குள் வாழும் இலை முளைக்கிற மாற்றம் அது.

ஜாவா பெரணியும் மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாசும் மண்ணில் நடக்கூடாத செடிகள். இவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட வேண்டும்.

முதல் நாளிலேயே மணற்பரப்பின் முக்கால் பங்கு செடியால் மூடியிருக்க வேண்டும். இரண்டு செடி நட்டுவிட்டு அவை பெருகட்டும் என்று காத்திருந்தால், செடி வருமுன் பாசி வந்துவிடும். விலை கூடிய செடி ஒன்றை வாங்கும் பணத்தில் ஹைட்ரில்லா, வாலிஸ்நீரியாக் கட்டுகள் ஐந்து வாங்குவது அறிவுடைமை. சென்னைவாசிகளுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இவை எளிதில் கிடைக்கும். எங்கிருந்து வந்த செடியானாலும் நன்றாக அலசி, நத்தை முட்டை, தும்பிப் புழு ஆகியவை ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நட வேண்டும். தும்பிப் புழு சிறு மீனையே பிடித்துத் தின்னும்.

ஒளி

40 லிட்டர் நீருக்கு 9 வாட் வெண்ணிற எல்.இ.டி. பல்பு ஒன்று, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டது, தொடக்கத்துக்குப் போதும். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம். பிறகு 8 மணி வரை கூட்டலாம். நேரங்காட்டிச் செருகி ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஒளி கூடினால் செடி விரைந்து வளரும் என்பது பாதி உண்மை. ஒளி கூடும்போது கார்பன் டை ஆக்சைடும் சத்துகளும் அதற்கேற்பக் கூடாவிட்டால், மிஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். முதல் வாரங்களில் கண்ணாடியில் படியும் பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசி; அது தானே போய்விடும். பச்சை இழைப்பாசி வந்தால் விளக்கு நேரத்தைக் குறைத்து, இழைகளைப் பழைய பல்துலக்கியில் சுற்றி எடுத்துவிட வேண்டும். பாசிக்கொல்லி மருந்துகளில் சில செப்பு கலந்தவை. அவை நத்தையையும் இறாலையும் கொல்லும்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த புட்டியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடும் முறை ஒன்று உண்டு. இத்தனை சிறு தொட்டியில் அதன் அளவைக் கட்டுப்படுத்த இயலாது. இரவிலும் வாயு வந்துகொண்டே இருக்கும். அடிமண்ணில் நடக்கும் சிதைவே ஓரளவு கார்பன் டை ஆக்சைடு தருவதால் அந்தச் சிரமம் தேவையில்லை.

காத்திருக்கும் வாரங்கள்

காற்றுக்குழாய் பொருத்திய பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். அதன் பஞ்சுதான் பாக்டீரியாவின் குடியிருப்பு. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றதுதான் இதுவும்.

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். புது மண் தானே கொஞ்சம் அம்மோனியா விடும். அத்துடன் தினமும் மீன் உணவு ஒரு சிட்டிகை போட்டுவரலாம். மூன்றாம் வாரத்திலிருந்து சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும்; அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும்; பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் சுழி காட்டி, செடிகளில் புதுக் குருத்தும் வந்திருந்தால் தொட்டி மீனுக்குத் தயார். நீர் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் கொல்லும் அளவு அம்மோனியா இருக்க முடியும்.

பஞ்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். பணியில் இருந்த காலத்தில் ஆய்வகத்தில் மாணவர்களோடு சேர்ந்து ஒரு தொட்டி வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் நன்றாக ஓடிய தொட்டி. ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வு நடக்கப்போகிறது என்று எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவினோம். பஞ்சைக் குழாயடியில் வைத்துச் சோப்புப் போடாத குறையாக நானே பிழிந்தேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது பத்து மீன்களில் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தன. குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது என்று எனக்குப் புரியவே சில வாரமாயிற்று. எட்டாம் வகுப்புக்கு நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துபவன் நான்! பஞ்சை, தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் இரண்டுமுறை பிழிந்தால் போதும், அதுவும் மாதம் ஒருமுறை.

மின்வெட்டு நீண்டால் காற்று நின்று பஞ்சிலுள்ள பாக்டீரியா மூச்சுமுட்டும். சில மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லையென்றால், திரும்பி வந்ததும் பஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டு இயக்குவது நல்லது.

மீன்கள்

40 லிட்டர் நீரில் ஐந்து செ.மீ.க்குள் வளரும் மீன்கள் எட்டு முதல் பத்து வரை வாழலாம். முதலில் மூன்று விட்டு, இரண்டு வாரம் கழித்து மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். கொண்டுவந்த பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பைக்குள் தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடவேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

கப்பி கடின நீரை விரும்பும் மீன்; ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அதுவே பொருத்தம். ஆண்மீன்களை மட்டும் வாங்கினால் பெருக்கம் பற்றிக் கவலையில்லை. வரிக்குதிரை டானியோ, கூட்டமாக ஆறேழு விட்டால் நாள் முழுதும் விளையாடும். இலங்கைக்கே உரிய செர்ரி பார்ப், செடியடர்ந்த தொட்டியில்தான் சிவப்பேறும்.

இன்னொரு மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வயல் வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் வாழும், ஆறேழு செ.மீ. நீளமே உள்ள, வால் கூர்மையான பழுப்பு மீன் ஒன்று உண்டு. பனையேறிக் கெண்டையின் தூரத்து உறவு. அதைப் போலவே மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும். 1831இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர்களுக்கு மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரிக்கு அருகே உள்ள அரியாங்குப்பம் ஆறு. அந்த ஊர்ப்பெயரே சிதைந்து 'குபானஸ்' என்று அதன் அறிவியல் பெயரில் நிற்கிறது. வண்ணம் குறைவு என்பதால் கடைகளில் அதிகம் காண்பதில்லை. ஆனால் வெப்பத்தையும் ஆக்சிஜன் குறைவையும் தாங்கும். இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி, ஆண்மீனே முட்டைகளைக் காக்கும். ஒரு இணையை மட்டும் செடித்தொட்டியில் வளர்த்தால், விலையுயர்ந்த எந்த மீனும் காட்டாத வாழ்க்கையை அது காட்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பொன்மீன் பெரிதாகும், செடியைத் தின்னும். 'டைகர் ஷார்க்' என்று விரல் நீளத்தில் விற்கப்படுவது சுறாவே அன்று. ஒரு மீட்டர் வரை வளரும் ஆற்றுக் கெளுத்தி வகை. மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளின் செங்கோட்டு மீனான டெனிசன் பார்ப் 15 செ.மீ. வளர்வதோடு, இயற்கையில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டதும் ஆகும். கண்ணாடியைத் துடைக்கும் என்று தள்ளிவிடப்படும் 'டேங்க் கிளீனர்' பற்றிக் கடைசியில் வருகிறது.

உணவு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் உணவு டப்பாவை எட்டாத உயரத்தில் வைத்து, ஒரு நாளைக்கான அளவை மட்டும் சிறு கிண்ணத்தில் கொடுத்துவிடலாம். அவர்களுக்கும் மகிழ்ச்சி, மீனும் பிழைக்கும்.

வளர்ச்சியும் பராமரிப்பும்

வாரம் ஒருமுறை 10 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, ஆறவைத்த புதுநீரை ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை மட்டும் நிரப்பிக்கொண்டே வருவது நீர் மாற்றுவதாகாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடும். கோடை முழுதும் கடின நீரால் நிரப்பிய தொட்டியின் மூடியில் வெள்ளைப் படிவு கட்டியிருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். எடுத்த நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட்டை அது நன்றாகவே ஏற்கும்.

தண்டுச்செடி நீர்மட்டத்தைத் தொட்டதும் நுனியிலிருந்து ஒரு சாண் வெட்டி, அந்த நுனியையே மணலில் நட வேண்டும். அடித்தண்டை மட்டும் விட்டுவைத்தால் கீழே இலையின்றி மொட்டையாகும். வாலிஸ்நீரியா ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். இலைகளைப் பார்த்தே குறையை அறியலாம்: முதிர்ந்த இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, முதிர்ந்த இலையில் குண்டூசித் துளைகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு, புதுக்குருத்து வெளிறினால் இரும்பு குறைவு. அடிமண் உள்ள தொட்டியில் முதலாண்டில் உரம் அநேகமாகத் தேவைப்படாது. தோட்டத்து உரத்தை ஒருபோதும் போடக் கூடாது.

ஏப்ரல், மே மாதங்களே சோதனைக்காலம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும்; 32 டிகிரியில் 7.3 மி.கி. மட்டுமே. மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், பொழுது விடியுமுன்தான் அளவு மிகக் குறைந்திருக்கும். காலையில் மீன்கள் மேலே வந்து திணறினால் இரவு முழுதும் காற்றுக்குழாய் ஓட வேண்டும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைக் காட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை நீர் குளிர்கிற அதே வழி. பனிக்கட்டியைப் போடுவது தவறு. திடீர் மாற்றம் சூட்டைவிட மோசமானது.

மிஞ்சியவற்றை என்ன செய்வது?

நன்றாக ஓடும் தொட்டியில் செடியும் மீனும் பெருகும். அவற்றை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைப்போர் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'டேங்க் கிளீனர்' மீன் இப்படித்தான் தமிழகத்து நீர்நிலைகளில் புகுந்தது. முள்நிறைந்த கவசத்தோல் வலைகளைக் கிழிக்கிறது. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. விற்கவும் உண்ணவும் யாரும் விரும்பாத மீனே வலையில் நிறைகிறது. இழப்பு உள்நாட்டு மீனவருக்கு. நம் நாட்டு ஹைட்ரில்லாவும் வெளியே போய் இதையே செய்தது: 1950களில் மீன்தொட்டிச் செடியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்று, அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது.

மிஞ்சிய மீனைத் தொட்டி வைத்திருக்கும் வேறொருவருக்கோ வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடலாம். வெட்டிய செடியைக் கழிவுநீர்க் கால்வாயில் போடாமல், மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் நன்றாக உலர்த்தி உரக்குழியில் இட வேண்டும். ஹைட்ரில்லாவின் ஒரு கணு ஈரத்தோடு கிடந்தாலும் அதிலிருந்து புதுச்செடி முளைக்கும்.